சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் அம்மோனைட்டை ஆசிட் ஊற்றி எடுக்கலாமா?

நத்தைக்கல் | சனி, இரவு 9:40

வணக்கம். எனக்கு ஊர் பெரம்பலூர் பக்கம். தாத்தாவின் கொல்லையில் எப்போதோ கிணறு வெட்டியபோது வந்த கல் குவியல் இன்னும் வரப்போரம் கிடக்கிறது. போன வாரம் அதைக் கிளறியதில் உள்ளங்கை அளவு ஒரு கல் கிடைத்தது. ஒரு பக்கம் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி சுருண்டு வரி வரியாகத் தெரிகிறது, மறுபக்கம் முழுக்க மஞ்சள் கலந்த சுண்ணாம்புக் கல் மூடியிருக்கிறது. அம்மோனைட்டுதான், அதாவது அழிந்துபோன கடல் உயிரின் சுருள் ஓடு கல்லானது, சந்தேகமில்லை. யூடியூபில் ஒருவர் இதே மாதிரி கல்லை பக்கெட்டில் போட்டு ஆசிட் ஊற்றுகிறார், சில வாரம் கழித்து ஒரு மீன் தலை பல்லோடு முழுசாக வெளியே வருகிறது. பார்த்ததிலிருந்து கை துறுதுறுக்கிறது. வீட்டில் பாத்ரூம் கழுவும் ஆசிட் இருக்கிறது. ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்தால் போதுமா? எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்? அம்மா ஊருக்குப் போயிருக்கிறார்கள், திங்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

வேதியியல் வாத்தியார் | சனி, இரவு 10:05

ஊற்றாதே தம்பி. முதலில் பாட்டிலை மூடி வை, அப்புறம் இதைப் படி.

அந்த வீடியோவில் மீன் தலை ஏன் மிஞ்சியது? எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட். சுற்றியிருந்த கல் கால்சியம் கார்பனேட். அவர் ஊற்றியது அனேகமாக அசிட்டிக் ஆசிட், அதாவது வினிகரின் அண்ணன். அது கார்பனேட்டை வேகமாகவும் பாஸ்பேட்டை மிக மெதுவாகவும் தின்னும். அந்த வித்தியாசத்தில்தான் வேலையே நடக்கிறது. உன் கல்லில் அந்த வித்தியாசம் இல்லை. ஓடு கால்சைட்டாக மாறியிருக்கும், அல்லது ஓடு என்றைக்கோ போய் உள்ளே புகுந்த சேறு இறுகி அச்சாக நிற்கும். இரண்டுமே கார்பனேட், வெளியே மூடியிருப்பதும் கார்பனேட். ஆசிட்டுக்கு எது அம்மோனைட்டு, எது கல் என்று எப்படித் தெரியும்? இரண்டையும் சேர்த்துத்தான் கரைக்கும். சொல்லப்போனால் வரிகளைத்தான் முதலில் தின்னும், மேலே துருத்திக்கொண்டு நிற்பது அதுதானே.

நம்பாவிட்டால் சோதித்துப் பார். கல்லின் பின்பக்கம் ஒரு சொட்டு வினிகர், அம்மோனைட்டின் உடைந்த ஓரத்தில் ஒரு சொட்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் குமிழி தெரியும். இரண்டு இடத்திலும் பொங்கினால் ஆசிட்டை மறந்துவிடு. அடுத்தது கத்தி முனை. லேசாக இழுத்ததும் கீறல் விழுந்து வெள்ளைப் பொடி வந்தால் கால்சைட். கத்தி வழுக்கிக்கொண்டு போய் இரும்புக் கோடு மட்டும் படிந்தால் சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். சிலிக்காவாக இருந்தால் கொண்டாட்டம்தான், பாத்ரூம் ஆசிட் கூட அதை ஒன்றும் செய்யாது. டெக்சாஸில் கிளாஸ் மலைத்தொடர் என்று ஒரு இடம். அங்கே டைனோசர்களுக்கும் முந்தைய பெர்மியன் காலத்துச் சிப்பி மாதிரியான உயிர்களின் ஓடு சிலிக்காவாக மாறியிருக்கிறது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் கூப்பர் டன் கணக்கில் அந்தப் பாறையை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் போட்டார். முடி மாதிரி மெல்லிய முட்கள் கூட ஒடியாமல் வந்தன, உளியால் ஜென்மத்துக்கும் முடியாத வேலை. உன் கல்லில் அந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று தோன்றவில்லை.

நான்காம் மாடி | சனி, இரவு 10:31

எதற்கு இந்த வம்பெல்லாம், எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற வைக்கலாமே? புளிக்கரைசல்? பித்தளைக் குத்துவிளக்கே பளபளக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் புளிதான்.

வேதியியல் வாத்தியார் | சனி, இரவு 10:44

குத்துவிளக்குக்கு சரி. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் ஆசிட் சுண்ணாம்போடு சேர்ந்தால் கால்சியம் சிட்ரேட், அது தண்ணீரில் சரியாகக் கரையாது. கல் மேல் வெள்ளையாகப் படிந்து, கீழே இருப்பதை ஆசிட் தொடவிடாமல் மூடிக்கொள்ளும். புளியில் டார்டாரிக், அதுவும் இதே கதை. அடுத்து யாராவது பேட்டரி ஆசிட் என்று கேட்பீர்கள், அது ஜிப்சம் படலம் போடும், கையையும் சுட்டுவிடும். அசிட்டிக் ஆசிட்டை எல்லோரும் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் கால்சியம் அசிட்டேட் தண்ணீரில் நன்றாகக் கரைந்து போய்விடும் என்பதுதான்.

பிரிஸ்பேன்வாசி | ஞாயிறு, காலை 6:15

கராஜில் ஆறு வருடமாக இதே வேலையாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குயின்ஸ்லாந்தில் ரிச்மண்ட் என்று ஒரு சின்ன ஊர். பத்து கோடி ஆண்டுக்கு முன்னால் அது கடல். ஊருக்கு வெளியே பொதுமக்கள் போய்ப் புதைபடிவம் தேடிக்கொள்ளவே இடம் விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து நான் கொண்டுவருவது சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பலகைக் கல், உள்ளே மீன் எலும்பு, செதில், பல். எல்லாம் பாஸ்பேட், அதனால் அசிட்டிக் ஆசிட். இந்த முறையை 1940களில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஹாரி டூம்ப்ஸ் முறைப்படி எழுதி வைத்தார். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோகோ பகுதி மீன்கள் முப்பரிமாணத்தில் நசுங்காமல் கிடைப்பதெல்லாம் இந்த முறையால்தான். 2005இல் அங்கே எடுத்த ஒரு கல்லை ஜான் லாங் குழுவினர் அசிட்டிக் ஆசிட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தபோது, மீனுக்குள் குட்டியும் தொப்புள்கொடியும் தெரிந்தன. 38 கோடி ஆண்டுக்கு முந்தைய பிரசவம். சுத்தியல் எடுத்திருந்தால் அது வெறும் தூள். ஆசிட் வேலை என்றால் எனக்கு இதுதான். அழுக்கு எடுக்கிற சமாச்சாரமே இல்லை, வெளியிலிருந்து பார்க்கவே முடியாத ஒன்றைத் தொடாமல் வெளியே எடுப்பது.

என் முறை: ஐந்து சதவீதம், அதற்கு மேல் அவசரப்படுவதில்லை. கிளாசியல் அசிட்டிக் ஆசிட் (தண்ணீர் கலக்காத சுத்த ஆசிட்) என்றால் ஒரு லிட்டருக்குப் பத்தொன்பது லிட்டர் தண்ணீர். தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். ஒரு நாள் ஊறல், மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவல், நிழலில் காயவைத்து, வெளியே வந்த எலும்புக்கு மட்டும் பாராலாய்டு பி-72 என்ற பிளாஸ்டிக் பிசினை அசிட்டோனில் தண்ணீராகக் கரைத்துப் பூச்சு. பிறகு மறுபடி ஆசிட். இப்படி இருபது முப்பது சுற்று. ஒரு கல்லுக்கு நான்கு மாதம் சாதாரணம்.

இந்தக் கழுவலில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள், நானும் விட்டேன். முதல் வருடம், பதினோரு முதுகெலும்புக் கண்ணிகள் வரிசையாக, காபித்தூள் நிறத்தில் மினுமினு என்று வெளியே வந்தன. ஆசையில் ஒரே ஒரு அலசு அலசிக் காயவைத்து அலமாரியில் வைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் இட்லி மாவு பூசணம் பிடித்த மாதிரி எலும்பு மேல் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. ஊதினால் பறக்கவில்லை, ஊசியால் தொட்டால் நொறுக்கென்று ஒடிகிறது. கால்சியம் அசிட்டேட் உப்பு உள்ளே இருந்து பூத்து, கண்ணிகளை உள்ளிருந்தே பிளந்துவிட்டது. பதினொன்றில் மிஞ்சியது நான்கு.

கராஜ் முழுக்க ஊறுகாய் வாசனை வேறு. வீட்டுக்காரர் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

நத்தைக்கல் | ஞாயிறு, காலை 8:50

எல்லோருக்கும் நன்றி. ஒன்று சொல்ல மறைத்துவிட்டேன். நேற்று இங்கே கேள்வி போடுவதற்கு முன்னாலேயே ஒரு சின்னக் கல்லை ஆசிட்டில் போட்டுப் பார்த்திருந்தேன், ஐந்து ரூபாய் நாணயம் அளவு, அதிலும் சுருள் இருந்தது. சோடா பாட்டில் திறந்த மாதிரி ஒரே நுரை. பத்து நிமிடத்தில் எடுத்துப் பார்த்தால் வரி எதுவும் இல்லை, சப்பிப் போட்ட கல்கண்டு மாதிரி வழவழப்பாக இருந்தது. அதனால்தான் ஒன்றுக்குப் பத்து போதுமா என்று கேட்டேன், திட்டுவீர்கள் என்று விஷயத்தைச் சொல்லவில்லை.

வினிகர் சோதனையும் செய்துவிட்டேன். பெரிய கல்லில் இரண்டு இடத்திலும் குமிழி.

வேதியியல் வாத்தியார் | ஞாயிறு, காலை 9:02

திட்டவில்லை. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு பெலம்னைட்டை (கணவாய் மாதிரி உயிரின் உள் ஓடு) இப்படித்தான் ஒழித்தேன், துப்பாக்கித் தோட்டா மாதிரி அழகாக இருந்தது. ஆசிட்டில் பென்சில் முனை ஆகி, அப்புறம் அதுவும் இல்லை. யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் ஒன்று. அந்த பக்கெட்டைக் கழுவுகிறேன் என்று பிளீச்சிங் பவுடர் மட்டும் போட்டுவிடாதே. பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு, மூடிய பாத்ரூமில் ஆளைச் சாய்த்துவிடும்.

கடப்பாக்கல் | ஞாயிறு, காலை 10:20

என் பங்குக்கு ஒரு எச்சரிக்கை. வினிகர்தானே என்று சமையலறை மேடையில் வைத்துச் செய்தேன். மேடை கடப்பா கல். கடப்பா கல்லே சுண்ணாம்புக் கல்தான் என்பது அந்த நிமிடம் வரை தெரியாது. டப்பாவின் அடியில் வழிந்தது ராத்திரி முழுக்க நின்று, கறுப்பு மேடையில் வெளுத்த வட்டம் ஒன்று, விரலால் தடவினால் பள்ளம் தெரியும். எண்ணெய் தடவினால் இரண்டு நாள் மறைகிறது, பிறகு மறுபடி தெரிகிறது. மொசைக் தரை வைத்திருப்பவர்களும் ஜாக்கிரதை, அதில் பதித்திருப்பது பளிங்குச் சில்லு. மூடி போட்ட பாட்டிலிலும் செய்யாதீர்கள், என் மச்சான் ஜாம் பாட்டிலை இறுக்கி மூடி வைத்தார், மூடி பரணில் கிடைத்தது.

வேதியியல் வாத்தியார் | ஞாயிறு, காலை 10:41

பரணுக்குப் போகாமல் என்ன செய்யும், 100 கிராம் சுண்ணாம்புக் கல் கரைந்தால் 24 லிட்டர் கரியமில வாயு வரும். அதே 100 கிராமைக் கரைக்க ஐந்து சதவீத வினிகர் 2.4 லிட்டர் வேண்டும், அதுவும் கணக்கில்தான், நடைமுறையில் இன்னும் கூட ஆகும். ஒரு கிலோ கல் என்றால் கடை வினிகர் பாட்டில் வாங்கியே சொத்து கரையும். அதனால்தான் இவர்கள் கிளாசியல் வாங்குகிறார்கள். அது விளையாட்டு இல்லை, ஆவி கண்ணைப் பிடுங்கும், தீப்பிடிக்கும், தோலில் பட்டால் கொப்புளம். மாடியில் திறந்த வெளியில், நைட்ரைல் கையுறை, கண்ணாடி, பக்கத்தில் ஒரு கிண்ணம் ஆப்ப சோடா. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் வேண்டவே வேண்டாம்.

நான்காம் மாடி | ஞாயிறு, பகல் 12:10

எங்கள் வீட்டு சாளக்கிராமத்தின் துவாரத்துக்குள் சுருள் தெரிகிறது. அதுவும் இதுதானா? அதை...

பிரிஸ்பேன்வாசி | ஞாயிறு, பகல் 12:18

அதுவும் அம்மோனைட்டுதான், கண்டகி ஆற்றில் வரும் கறுப்புக் கல் உருண்டைக்குள் இருப்பது. அபிஷேகம் மட்டும் செய்யுங்கள்.

மணல்வாரி | ஞாயிறு, பகல் 1:35

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். அரியலூர், பெரம்பலூர் கல்லை எல்லோரும் எடுத்துக்கொண்டே போனால் எப்படி? 1860களில் பிளான்ஃபோர்டு, ஸ்டொலிஸ்கா என்ற புவியியலாளர்கள் உலகத்துக்கே விவரித்துக் காட்டிய இடம் அது. ஊட்டத்தூர் என்ற ஒரு கிராமத்தின் பெயர் பாறை அடுக்குக்கே பெயராக நிற்கிறது. சாத்தனூர் கல்மரத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள், அங்கே சில்லு கூட எடுக்கக் கூடாது. காரை என்ற ஊரின் ஓடைகளில் வாரக்கடைசியில் பை பையாக அள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வீட்டில் போய் என்ன செய்கிறார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

நத்தைக்கல் | ஞாயிறு, பகல் 2:00

என்னுடையது சொந்தக் கொல்லைக் கல் அண்ணா. அதில் பாதி ஏற்கெனவே மாட்டுக்கொட்டகை அடித்தளத்துக்குப் போய்விட்டது.

மணல்வாரி | ஞாயிறு, பகல் 2:14

சரி, அது வேறு. உங்களைச் சொல்லவில்லை. ஆனால் எலும்பு மாதிரி எதுவும் தென்பட்டால் ஆசிட்டும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், இருந்த இடத்தைப் படம் எடுத்து வாரணவாசி அருங்காட்சியகத்திலோ ஒரு புவியியல் துறையிலோ காட்டுங்கள். கல்லமேட்டில் ஒரு ராட்சச டைனோசரின் எலும்பைக் கண்டெடுத்து 1980களில் புருகத்காயோசாரஸ் என்று பெயரும் வைத்தார்கள். அந்த எலும்பு இன்று கிடையாது, நொறுங்கிப் போய்விட்டது. படத்தை வைத்துக்கொண்டு இன்னும் அளவைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

பிரிஸ்பேன்வாசி | ஞாயிறு, மாலை 4:30

மணல்வாரி சொல்வது நியாயம்.

நத்தைக்கல் தம்பிக்கு: ஆசிட் இல்லாவிட்டால் வேலையே இல்லை என்று நினைக்காதீர்கள். கால்சைட் அம்மோனைட்டுக்கு ஊசிதான். தையல் மெஷின் ஊசியை ஒரு மரக்கட்டையில் செருகிக்கொள்ளுங்கள். மணல் நிரப்பிய துணிப்பை மேல் கல்லை உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் அடிக்கிற அதிர்ச்சியில் நடுவில் பிளக்கும். ஊசியை ஓட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்து மேலே மூடியிருக்கும் கல்லை மட்டும் குத்துங்கள், சுரண்டாதீர்கள். பல கல்லில் ஓட்டுக்கும் மேல்கல்லுக்கும் நடுவே ஒரு பிடிப்பில்லாத இடம் இருக்கும், சரியான இடத்தில் குத்தினால் நகம் அளவு சில்லு தானாகத் தெறிக்கும், அடியில் வரி பளிச்சென்று நிற்கும். அந்தச் சத்தம் பழகிவிடும். தினம் அரை மணி நேரம், அதற்கு மேல் கண் ஏமாற்றும். முகமூடி போடுங்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது. காரை பக்கத்துக் களிமண் ஒட்டியிருந்தால் அதற்கு ஊசி கூட வேண்டாம், நன்றாக வெயிலில் காயவைத்துத் தண்ணீரில் போட்டால் பாதி தானாகவே கரைந்து இறங்கும்.

நத்தைக்கல் | வியாழன், இரவு 8:25

அக்கா, ஊசி வேலை நான்கு நாளாக நடக்கிறது. இரண்டு சுற்று முழுசாகத் தெரிகிறது. நீங்கள் சொன்ன சத்தம் நேற்றுதான் முதல் முறை கேட்டது, வெண்டைக்காய் நுனி ஒடிகிற மாதிரி டிக் என்று.

ஆனால் எழுதியது அதற்கு இல்லை. இன்று தெறித்த ஒரு சில்லில் கறுப்பாக ஏதோ மின்னியது. மூக்குத்திக் கல் அளவுதான். ஒரு கூர் முனை, அதன் ஓரம் கத்தி மாதிரி, மீதி கல்லுக்குள் போகிறது. வினிகர் சொட்டு வைத்தேன். சுற்றி எல்லாம் குமிழி, அந்தக் கறுப்பில் மட்டும் ஒன்றும் இல்லை.

வேதியியல் வாத்தியார் | வியாழன், இரவு 8:31

சுறாப் பல்!! படம் போடு.

பிரிஸ்பேன்வாசி | வியாழன், இரவு 9:10

படம் பார்த்தேன். சுறாப் பல் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இதைத்தான் பாஸ்பேட் என்றோம். ஆனால் மணல்வாரி சொன்ன மாதிரி முதலில் கல்லோடு சேர்த்து அளவுகோல் வைத்து நாலு பக்கமும் படம், கொல்லையில் எந்த மூலை என்று ஒரு குறிப்பு.

அப்புறம், உங்களுக்கு கிளாசியல் வேண்டாம். சில்லு சின்னது, கடை வினிகரே போதும். பழைய வினிகரைக் கொட்டாமல் வைத்திருந்தால் புதியதோடு மூன்றில் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே கல் கரைந்த வினிகரில் கால்சியம் அசிட்டேட் இருக்கும், அது இருந்தால் பல்லை ஆசிட் அரிப்பது குறையும். கோனோடாண்டு என்ற பொடிப் பல் மாதிரியான புதைபடிவம் தேடுகிறவர்கள் ஏழு பங்கு அசிட்டிக், அறுபத்து மூன்று தண்ணீர், முப்பது பழைய கரைசல் என்றே அளவு வைத்திருக்கிறார்கள். சில்லை ஒரு துண்டு கொசுவலையில் கட்டித் தொங்கவிடுங்கள், அடியில் கிடந்தால் சேறு மூடிக்கொள்ளும். ஆறு மணி நேரம், எடுத்துப் பார், தண்ணீர். மரத்துக்குப் பூசும் வெள்ளைப் பசையை மட்டும் பூசிவிடாதீர்கள், அது ஈரத்தில் ஊறிப் பிசுபிசுக்கும்.

வேதியியல் வாத்தியார் | வியாழன், இரவு 9:22

தீர்ந்த வினிகரில் முட்டை ஓட்டைப் போட்டு வை, குமிழி நின்றதும் நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்று. ரோஜாச் செடிக்கு ஊற்றாதே.

நத்தைக்கல் | அடுத்த புதன், காலை 7:05

ஐந்து முறை வினிகர், ஐந்து முறை தண்ணீர். இன்று அதிகாலை வலையைத் தூக்கினால் பல் தனியாகக் கிடக்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். மேலே கருநீலமாக மினுக்கு, வேர் மட்டும் சாம்பல் நிறம், இரண்டு கால் மாதிரி பிரிகிறது, ஒரு கால் நுனி இல்லை. அம்மாவிடம் காட்டினேன், வினிகர் பாட்டில் எங்கே என்று கேட்டார்கள். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடட்டுமா?

பிரிஸ்பேன்வாசி | புதன், காலை 7:11

கடைசித் தண்ணீரில் எத்தனை நாள் ஆகிறது?

நத்தைக்கல் | புதன், காலை 7:12

ராத்திரி போட்டது அக்கா.

பிரிஸ்பேன்வாசி | புதன், காலை 7:12

திரும்பப் போடுங்கள். படம் சனிக்கிழமை.